பதினோராவது மாடி

செந்தூல் அடுக்குமாடியில்
லிஃப்ட் மறுபடி ரோசாக்.

நாளைக்குப் பத்து இங்கிலீஷ் சொல் கேட்பார் மிஸ் லீ.
மாடிக்கு ஒன்றாக ஏறுகிறான் சர்வின்.
இரண்டில் ஃப்ரேஜைல்,
யார் வீட்டு வாசலிலோ ஒரு பெட்டி மேல்.
நாலில் ரிலக்டன்ட்:
வழிவிட மனமில்லாத பூனை.
ஆறில் சொல் எதுவும் ஏறவில்லை,
மூச்சுதான் வாங்கியது.

எட்டில் அம்மா உட்கார்ந்துவிட்டாள்,
பத்துக் கிலோ அரிசி மடியில்.
"டெம்பரரினா என்னடா?
கீழ ஒட்டியிருக்கானே."
"கொஞ்ச நாளைக்கு மட்டும்னு அர்த்தம்மா."

தீபாவளிக்கு முன்னால் ஒட்டிய தாள்.
பொங்கலும் போய்விட்டது.

படியிலேயே அகராதியைப் பிரித்து
பென்சிலால், பொடி எழுத்தில்
அர்த்தத்தைத் திருத்துகிறான்.
பிறகு மூட்டையின் ஒரு காதைப் பிடிக்கிறான்.

இன்னும் மூன்று சொல்.