இருட்டு இலவசம்

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு
கரண்டைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள்.
மீட்டரின் கழுத்தில் ஒரு சிவப்புச் சீட்டு.
ஹாலோவீனுக்கு இன்னும் ஐந்து நாள்.

ஆர்லோவிடம் சொன்னேன்:
இந்த வருஷம் பியூட் நகரத்திலேயே
நம்முடையதுதான் பெரிய பேய் வீடு.
விளக்கே போடப்போவதில்லை.
"நிஜமாவா?"
சத்தியமாக.
பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் எனக்கு வேலை.
பீச் பழம் வந்த டின், பீன்ஸ் வந்த டின்,
ஒவ்வொன்றும் ஒரு பூனை படுத்துத் தூங்கும் அளவு.
பதினொன்றைக் காரில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கும்.
முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிப்
பின்படியில் வைத்துவிட வேண்டும்.
மொன்டானாக் குளிர் கூலி கேட்பதில்லை.
விடிவதற்குள் எல்லாவற்றையும் கல்லாக்கியிருந்தது.
ஃப்ரிட்ஜ் ஓடாத வீட்டுக்கு
ஊரே ஃப்ரிட்ஜ்.

அப்புறம் பென்சிலால் ஒரு முகம்,
கோட்டின்மேல் ஆணி, ஆணியின்மேல் சுத்தியல்.
முகத்துக்கு நாற்பது ஓட்டை.
ஆர்லோ அடித்ததெல்லாம் கோணல் வாய்.
மின்சார ஆபீஸ் ஃபோனில் ஐம்பது நிமிஷம்
என்னைக் காக்கவைத்தவள் எப்படிச் சிரிப்பாளோ
அப்படிச் சிரித்தது ஒன்று.
அது நான் அடித்தது.

கறுப்புக் குப்பைப்பையை மடித்து வெட்டினால் வௌவால்.
கழிவறைக் காகிதம் தீர்ந்த அட்டைக்குழலில்
இரண்டு கண் வெட்டி, ஒளிக்குச்சி போட்டு,
புதருக்குள் செருகினால்
ஏதோ ஒன்று குந்தியிருந்து நம்மையே பார்க்கும்.
ஒளிக்குச்சி ஒன்றேகால் டாலர்.
மெழுகுவர்த்தி இரண்டரை.
ஒட்டடைக்குச் செலவே இல்லை.
மார்ச்சிலிருந்து அடிக்கவில்லை,
சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்,
முன்யோசனை என்று இப்போதுதான் தெரிந்தது.

ரே விட்டுப்போன வேலைச்சட்டைக்குள்
காய்ந்த இலைகளைத் திணித்து
வாசல் நாற்காலியில் உட்காரவைத்தோம்.
"இது யாரும்மா?"
யாரோ, என்றேன்.
தலை வைக்கவில்லை.

எங்கள் வீடு கடைசித் தெருவிளக்குக்கும் அப்பால்.
மற்ற வருஷம் பிள்ளைகள் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.
அன்று வரிசை கட்டி வந்தார்கள்,
பையோடும் பயத்தோடும்.
மேல்தெரு கார்லாட்டா மூக்கைச் சன்னலில் ஒட்டிப் பார்த்தாள்:
"ஒரு பொட்டு வெளிச்சம் கசியலையே உள்ளே!
எப்படிச் சாதிச்சே? எவ்வளவு ஆச்சு?"
நாலு டாலருக்குள், என்றேன்.
கட்டாமல் விட்ட இருநூற்றுப் பன்னிரண்டைச்
சேர்க்கவில்லை.

எட்டு மணி சுமாருக்கு விடோவிச் வந்தார்.
வியாழக்கிழமை மஞ்சள் தொப்பி.
இன்று வெறுந்தலை,
கையைப் பிடித்துக்கொண்டு தேனீ வேஷத்தில் மகள்.
தேனீ மணியை அமுக்கியது.
மறுபடி அமுக்கியது.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்
மிட்டாய்க் கிண்ணத்தோடு மூச்சை அடக்கி நின்றேன்.
"இந்த மணி அடிக்காது, இவா" என்ற குரல்.
பிறகு கதவில் மூன்று தட்டு,
மெதுவாக,
கேட்டால் போதும் என்பதுபோல்.

ஆர்லோதான் திறந்தான்.
"எங்க வீட்ல லைட்டே கிடையாது!" என்றான்
மேயர் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.
தேனீ வாயைப் பிளந்தது.
விடோவிச் என்னைப் பார்க்கவில்லை.
இரண்டாம் படியில் காற்று அணைத்திருந்த டின்முன்
முழங்கால் மடக்கி உட்கார்ந்து
தன் லைட்டரால் ஏற்றினார்.
முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழ,
அம்மை போட்டவர் போல இருந்தார்.
ஏதோ சொல்ல வந்தார்.
"நல்ல வேலைப்பாடு" என்றார்.
போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலமும் சீட்டு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.
டின்களைச் சாப்பாட்டு மேசைக்கு ஏற்றிவிட்டோம்.
அந்த வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறான் ஆர்லோ.
முகத்துக்கு நாற்பது, முகம் பதினொன்று,
நானூற்று நாற்பது ஓட்டை, சரியா அம்மா?
உன் கோணல் வாய்களில் கூடுதலாக அடித்திருக்கிறாய்,
எண்ணிப் பார், என்கிறேன்.
விரலை நீட்டி
எண்ணுகிறான்.