வண்டிக் கணக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு
மெஹருன்னிசாவின் ஸ்கூட்டி எங்கள் சந்தில் நின்றபோது
அடிபம்பில் குடங்கள் இன்னும் வரிசையில் இருந்தன.
"முஷ்டி மடக்குங்க சார்."
ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று.
சீட்டின் கடைசி வரியில் அவள் வட்டம் போட்டிருந்தாள்:
அபோ பி.
காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்கும்
ஏதோ விசைப்படகின் நம்பர் மாதிரி இருந்தது.
எழுநூற்று ஐம்பது ரூபாய், அதற்கு மட்டும்.

பதினெட்டு வருஷமாக சீரோ கேட்டில்
எண்ணுவதுதான் என் வேலை.
உள்ளே போகிற டிரெய்லருக்கு ஒரு கோடு.
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று.
பெட்டிக்குள் பஞ்சா, இரும்பா, வெறும் காற்றா,
ஒருநாளும் கேட்டதில்லை.
அது எடைமேடைக்காரன் பாடு.

கல்மண்டபம் கிளினிக்கில்
டாக்டர் கோட்டீஸ்வரி தலை நிமிராமல் படித்தார்.
சர்க்கரை எல்லையில்.
டிரைகிளிசரைடு இருநூற்று நாற்பது.
கெட்ட கொழுப்பு நூற்றெட்டு,
"இதை மட்டும் பார்த்தா போய்ட்டு வாங்கன்னு சொல்லிடலாம்."
அபோ பி நூற்று இருபத்தாறு.
"இதைப் பார்த்தா சொல்ல முடியல."

கொழுப்பு ரத்தத்தில் தனியாகப் போகாதாம்.
சின்னச் சின்ன உருண்டைகளில் ஏறித்தான் போகுமாம்.
நாளத்தின் சுவரில் நுழைந்து தங்கிவிடுகிற உருண்டை
ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அபோ பி.
பெரிய உருண்டைக்கும் ஒன்றுதான், சிறியதற்கும் ஒன்றுதான்.
"வண்டிக்கு ஒரு டிரைவர்" என்றேன்.
அப்போதுதான் நிமிர்ந்தார்.
"எங்க வேலை பாக்குறீங்க?"

அருள்தாஸ் என் தம்பி.
நாற்பத்தொரு வயதில்
எர்ணாவூர் தாண்டி, நகராத வரிசையில், ஸ்டியரிங்கில் சாய்ந்தவன்.
ஹேண்ட் பிரேக் போட்டிருந்தான்.
பின்னால் நின்றவர்கள் பத்து நிமிஷம்
ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

அந்தச் சாலையையும் ரத்தக் குழாயையும்
பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.
நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் போனேன்.
பிலோமினா வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள்.
கையைத் துடைத்துவிட்டு
பீரோவிலிருந்து பாலித்தீன் கவரை எடுத்து வந்தாள்.
ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், லைசென்ஸ்,
நாலாக மடித்த கம்பெனி மெடிக்கல் கேம்ப் காகிதம்.
கொழுப்பு: நார்மல்.
அவன் போவதற்கு ஏழு மாதம் முன்பு.
அன்றைக்கு வீட்டில் பிரியாணி செய்தார்கள்,
நானும் வந்து சாப்பிட்டேன்.

"அப்ப இந்தக் காகிதம் பொய்யா மாமா?"
"பொய் இல்ல பிலோ.
எடை போட்டிருக்காங்க. எண்ணல."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.
அவனுக்கும் வண்டி அதிகமாக ஓடியதென்று
யார் பார்த்தார்கள்?
தினம் ரெண்டு பாக்கெட் சிகரெட்.
மூன்று நாள் தூங்காத கண்.
எண்ணாத கணக்கை நான் எப்படி எழுதுவது?
கேட்டில் அப்படி எழுதினால்
வேலை போய்விடும்.

அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.
வெளியே நெடுஞ்சாலையில்
டிரெய்லர் ஒன்று காற்றை விட்டு நின்றது.
நான் விரலை மடக்கினேன், பழக்கம்.

"எண்ணியிருந்தா?"
என்று அவள் கேட்கவில்லை.
மீன் செதில் ஒட்டிய மணிக்கட்டால்
நெற்றியைத் தள்ளிக்கொண்டு,
உள்ளே தூங்குகிற பெரியவனைப் பார்த்தாள்.
பத்தொன்பது வயசு. போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினான்.

"எவ்ளோ ஆவும்?"
"எழுநூத்தம்பது."
"ரெண்டு பேருக்கு எடுத்தா கொறைப்பாங்களா?"

தெரியவில்லை.
மெஹருன்னிசாவுக்கு போன் போட்டேன்.
முதலில் கேட்டது விலை இல்லை,
"சாப்பிட்டுட்டு வரலாமா?"
"இதுக்கு வரலாம் சார்" என்றாள்,
பின்னால் ஹாரன் சத்தத்தில் கத்தி.

வஞ்சிரம் வெந்துகொண்டிருந்தது.
பையனை எழுப்பினோம்.