பெட்டி எண்

மஸ்ஜித் ஜாமேக்கில் ஏறினேன், ஆறு நாற்பது.
மழை பிடித்திருந்ததால்
குடைகளும் கூடவே ஏறின.
ஓட்டுநர் இல்லாத ரயில்.
முன்னால் யாரும் இல்லை என்பது
ஊருக்கே தெரியும்.

பசார் செனி வருவதற்குள் ஒரு கை.
நெரிசல் என்று நினைத்தேன்.
நெரிசலுக்கு விரல்கள் கிடையாது
என்று புரிய
ஒரு நிறுத்தம் பிடித்தது.

கத்தவில்லை.
கத்துவேன் என்றுதான் எல்லாரிடமும்
சொல்லிவைத்திருந்தேன்.
ஆபீஸ் சுகுமாரியிடம்கூட,
செருப்பைக் கழற்றுவேன் என்று.
அன்றைக்குப் பார்த்து வார் போட்ட செருப்பு.

கே.எல். சென்ட்ரலில் இறங்கிவிட்டேன்.
என் நிறுத்தம் அது இல்லை.

துணைப் போலீஸ் சாவடியில்
கோப்ரல் நோர்அஸ்லினா.
பாதி குடித்த மைலோ பாக்கெட்,
மேசையோடு நூலில் கட்டிய பேனா.
மலாயில் சொன்னேன்.
எனக்குள் தமிழில் நடந்தது
மலாயில் வெளியே வந்தபோது
அளவு குறைந்திருந்தது.
தொட்டான். ஒரே சொல்.
அந்தக் கைக்கு அவசரமே இல்லாதிருந்தது
அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை.

எந்தப் பெட்டி?
தெரியாது.
கதவுக்கு மேலே எண் இருக்குமே, அக்கா.
தெரியாது.
சட்டை என்ன நிறம்?
முதுகில் கண் இல்லை.
கைக்கடிகாரம் இருந்தது, உலோகப் பட்டை, சில்லென்று.
அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

எண் தெரிந்தால் பத்து நிமிஷம்,
இல்லையென்றால், என்று
சுவரிலிருந்த திரைகளைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
சதுரம் சதுரமாக
வெறும் உச்சந்தலைகள்.

என் வேலை என்ன தெரியுமா?
லெபோ அம்பாங், மூன்றாம் மாடி.
கிள்ளான் துறைமுகத்துக்கு வரும்
கன்டெய்னர் எண்களை நாள் முழுக்கத் தட்டுவது.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒன்று பிசகினாலும்
யாரோ ஒருவரின் பூண்டு மூட்டைகள்
பத்து நாள் வெயிலில் கிடக்கும்.
பூண்டுக்கு இருந்த எண்
எனக்கு இல்லை.

நோர்அஸ்லினா கெட்டவர் இல்லை.
அடுத்த ரயில் வரும்வரை
பக்கத்திலேயே நின்றார்,
தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக.
மூன்று வாரம் கழித்து ஒரு போன்:
இன்னும் தேடுகிறோம்.
அவ்வளவுதான்.

இப்போதெல்லாம்
முதலில் எண், பிறகுதான் இருக்கை.
பஸ்ஸில் நம்பர் பிளேட்.
லிஃப்டில் ஏறினால்
எத்தனை கிலோ தாங்கும் என்பதையும்
படித்துவிடுகிறேன்.
வீட்டுக்காரர் திருநாவு சிரிக்கிறார்,
நாலு நம்பருக்கு எழுதலாமே என்று.
ஒரு சனிக்கிழமை எழுதியும் பார்த்தார்.
விழவில்லை.

நேற்று, கெரிஞ்சி தாண்டி.
நீலப் பாவாடை, வெள்ளை பாஜு,
புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்து ஒருத்தி.
பதின்மூன்று இருக்கும்.
என்னையே பார்த்தாள், எதுவும் கேட்காமல்.
பின்னால் ஒருவர்
கம்பியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.
தூங்குகிறவரின் முழங்கை
அப்படி விழித்திருக்காது.

இடையில் புகுந்து நின்றேன்.
டிபன் கேரியரின் விளிம்பு
அவர் விலாவில் பட்டும் படாமலும்.
இந்த முறையும் கத்த வராது என்று தெரியும்.
வாயைத் திறந்தேன்,
எண் வந்தது.

டுவா சத்து டுவா!

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.
ஆனால் பெட்டி முழுக்க
போனிலிருந்து தலை நிமிர்ந்தது.
அவர் கண் திறந்தார்.
இன்னொரு தரம் சொன்னேன்,
ஏலம் கூறுகிறவள் மாதிரி.
யுனிவர்சிட்டியில் கதவு முழுசாகத் திறக்குமுன்னே
போய்விட்டார்.

பேனா இருந்தது, காகிதம் இல்லை.
அவள் உள்ளங்கையில் எழுதினேன்:
212, ஐந்து ஐம்பத்தைந்து, சாம்பல் சட்டை.
கை நடுங்கியதால்
ஐந்து ஆறு மாதிரி விழுந்தது,
திருத்தி எழுதினேன்.
கூச்சமாக இருந்திருக்கும். கையை இழுக்கவில்லை.

தாமான் ஜெயாவில் இறங்கினாள்.
இடப்பக்கம் சாவடி,
வலப்பக்கம் வீட்டுக்குப் போகிற படி.
கையை விரித்து, வியர்வையில் கலையாமலிருக்க
ஊதிக்கொண்டு நின்றாள்.

கதவு மூடிக்கொண்டது.