விளக்கு இரண்டு

பாட்டுகள் முதலில் வந்துவிட்டன.
இருபத்திரண்டு பாட்டுகள், எல்லாமே
எழுபத்தெட்டில் எவரோ ஆடிக் களைத்தவை.
கதை பிறகுதான்.
ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையில் கட்ட
ஒரு கயிறு வேண்டுமே, அதற்காக.

அதனால்தான் ரோண்டா
சப்பாத்துத் தொழிற்சாலை வேலையை விடுகிறாள்.
வேலையை விடுகிற பாட்டு ஒன்று கைவசம் இருக்கிறது.
அதனால்தான் இரண்டாம் அங்கத்தில் மழை.
அதனால்தான் எங்கிருந்தோ
ஒரு பல்வைத்தியன் வந்து
அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான்.
எதற்கென்று மூன்று வாரமாக எனக்கு விளங்கவில்லை.
பாட்டு நல்ல பாட்டு.

நான் மேலே, கூரைக்குக் கீழே,
இரும்பு ஏணியில் பதினேழு படி.
வெளியே ஹமில்ரனில் பெப்ரவரி,
இங்கே விளக்கின் முதுகில் மட்டும்
சித்திரை வெயில்.
காதுக்குள் டெல்பின்:
"விளக்கு இரண்டு, தயார்."
அது நான்தான்.
பிறப்புச் சான்றிதழில் யோகாம்பிகை,
பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யோகி,
திரை எழும்பினால் விளக்கு இரண்டு.
விளக்கு ஒன்று, குழாய் திருத்துகிற கிளென்.
சோகப் பாட்டுகளுக்குச் சிப்ஸ் தின்னுவான்.

ரோண்டாவாக வருகிற மார்னிக்கு
பெல்பாட்டத்துக்குள்ளே முழங்காலில் பட்டி.
இடப்பக்கம் திரும்பும்போது அரை நொடி பிந்துவாள்.
என் வட்டமும் அரை நொடி பிந்தும்.
பார்க்கிறவர்கள் அதை ஒயில் என்பார்கள்.

சனிக்கிழமை மதியக் காட்சி.
ஓய்வூதியக்காரர் இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள்.
பெரிய பாட்டுக்குக் கண்ணாடி உருண்டை இறங்கியது.
சுற்றவில்லை.
மோட்டர் ஒருதரம் செருமிவிட்டு நின்றது.

சுழலும்போது அந்த ஒளித்துண்டுகள்
நட்சத்திரம், பனி, ஊர்ப்பட்ட உவமை.
நின்றபோதுதான் விலாசம் தெரிந்தது:
வெளிவாசல் பலகையில் ஒன்று,
வழுக்கையில் ஒன்று,
காதுக்கருவியில் ஒன்று,
எவரும் வராத இருக்கையில்
மடித்து வைத்த ஒரு கோட்டின் மேல்
ஒன்று.
கீழே பதினொரு பேர்
நின்றுபோன உலகத்தில்
விடாமல் சுழன்றார்கள்.

எனக்கு அப்போது
ரொறன்ரோவில் ஓர் அறை ஞாபகம் வந்தது.
மேசை. தண்ணீர்க் குவளை.
அங்கே திகதிகள் முதலில் வந்துவிட்டன,
படிவத்தில், வரிசையாக.
"இதற்கும் இதற்கும் இடையே பதினான்கு மாதம்.
ஏன் உடனே வெளிக்கிடவில்லை?"
அப்பாவுக்குச் சுகமில்லை என்றேன். உண்மை.
காசு இருக்கவில்லை என்றேன். அதுவும் உண்மை.
ஒருவன் வருவதாகச் சொல்லியிருந்தான்,
அதைச் சொல்லவில்லை.
அதற்குப் பாட்டு இருக்கவில்லை.
மொழிபெயர்த்தவர் தண்ணீர் குடித்தார்.
கயிறு தாங்கியது. கடிதம் வந்தது.

"விளக்கு இரண்டு, அசையாதே" என்றாள் டெல்பின்.

அசைத்தேன்.
வட்டத்தை மார்னியிலிருந்து பிடுங்கி
உருண்டையின் மேல் வைத்து
மணிக்கட்டைக் குலுங்க விட்டேன்,
அரிதட்டில் மா அரிக்கிற மாதிரி.
கொட்டகை முழுக்க ஒளி உதிர்ந்தது.
சுழற்சி என்று சொல்ல முடியாது.
ஒருவித நடுக்கம்.
அது அவர்களுக்குப் போதுமாயிருந்தது.
ஒரு முழுச் சரணம் மார்னி இருட்டில் பாடினாள்.
இருட்டில், பிறகு சொன்னாள்,
குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாளாம்.

டெல்பின் ஏணி ஏறி வந்தாள்,
முகம் சிவக்க, கையில் பிரதியோடு.
"இது இதில் இல்லை."
இல்லைத்தான்.
திங்களன்று புது மோட்டர் பூட்டினார்கள்.

பல்வைத்தியன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.
அவனுக்கென்று வெளிச்சம் எழுதப்படவில்லை,
ரோண்டாவின் முகம் மட்டும் என்றுதான் இருக்கிறது.
அந்த இடம் வரும்போது
வட்டத்தைக் கொஞ்சம் அகட்டி
அவனையும் உள்ளே எடுக்கிறேன்.
டெல்பின் காதுக்குள் பெருமூச்சு விடுகிறாள்.
ஒன்றும் சொல்வதில்லை.