ஒரே மாத்திரை

மொசைக்கில் ஒரு சொட்டு.
சில்லி சாஸ் என்று நினைத்துத் துடைத்தேன்.
திரும்பி வந்தால் இன்னொன்று,
அதன் பக்கத்தில் சம்பாலின் மூக்கு.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நாய் வளர்க்கக் கூடாது.
லிஃப்ட் கதவிலேயே மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது.
கார்பார்க்கில் கிடந்ததை ஒரு மழை நாளில்
அரிசிப் பையில் போட்டு ஏழாம் மாடிக்கு ஏற்றினேன்.
அதன் காதுக்குள் ஒரு குடும்பமே ஏறி வந்ததை
அப்போது பார்க்கவில்லை.

உண்ணி.
உண்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அந்தப் பெயர்.
ஆமணக்கு விதை போல உப்பி,
காலண்டருக்குப் பின்னால் சுவர் விரிசலில்
முட்டையிடப் போகும்.
போகும் முன்
தன் எச்சிலில் இருந்த ஒன்றை விட்டுப் போகும்.

பதினொரு நாள் சம்பால் சோற்றைத் தொடவில்லை.
வயிற்றைத் திருப்பிக் காட்டினார் டாக்டர் ஊய்:
ரோமம் இல்லாத இடத்தில்
சிவப்புப் பேனாவால் யாரோ குத்திய புள்ளிகள்.
"மண்ணீரல் இது வரைக்கும் வந்துவிட்டது" என்று
விலா எலும்பைத் தாண்டி விரலை வைத்தார்.
இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு ஒன்பதாயிரம்.
இருக்க வேண்டியது இரண்டு லட்சம்.

பாயான் லெப்பாசில்
எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து
சில்லுகளின் கால்களை எண்ணுகிறவள் நான்.
வளைந்த கால், கருகிய கால், ரிஜெக்ட்.
"நானும் பார்க்கலாமா டாக்டர்?"
அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஊதா நிறத்தில் ஒரு வெள்ளையணு.
கிருமியைப் பிடித்துத் தின்னப் பிறந்த காவல்காரன்.
அவன் வயிற்றுக்குள்ளேயே
முசுக்கொட்டைப் பழம் மாதிரி ஒரு கொத்து
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது,
வாடகை இல்லாமல், சத்தம் இல்லாமல்,
நோட்டீஸ் படிக்காமல்.
பதினாறு வருஷ வேலையில்
இவ்வளவு அழகான ரிஜெக்டை நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் எனக்கு.
கண்ணுக்குப் பின்னால் ஆணி.
தொடைச் சதையை யாரோ பிழிகிறார்கள்.
லைன் லீடர் தவமலர் நெற்றியைத் தொட்டு
"டெங்கிடி, போய் எம்சி எடு" என்றாள்.
இந்த ஊரில் காய்ச்சலுக்கு முதல் பெயர் அதுதான்.
இரண்டு தடவை குத்திப் பார்த்தார்கள், டெங்கி இல்லை.
தட்டணு மட்டும் இறங்கியது,
அறுபத்தோராயிரம், ஐம்பத்திரண்டு.

டாக்டர் ஹஸ்லினா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"வீட்டில் பிராணி ஏதாவது?"
ஃபிளாட் நிர்வாகத்திடம் சொல்லாததை
அவரிடம் சொன்னேன்.
"நாயிடமிருந்து ஒட்டாது. உண்ணி கடித்தால் வரலாம்,
அபூர்வம். உறுதியாகச் சொல்ல முடியாது.
முடிவு வரும் வரை காத்திருக்கவும் முடியாது."
என் முழங்கால் மடிப்பில்
காய்ந்த கறுப்புப் பொட்டு ஒன்று இருந்தது.
மச்சம் என்று நினைத்திருந்தேன்.

மேசையில் இரண்டு மாத்திரை அட்டை.
ஒரே மருந்து, டாக்சிசைக்ளின்.
எனக்குப் பத்து நாள், அதற்கு இருபத்தெட்டு.
வெறும் வயிற்றில் கூடாது, விழுங்கியதும் படுக்கக் கூடாது.
நான் கஞ்சியோடு விழுங்கினேன்.
சம்பால் மீன் உருண்டையைத் தின்றுவிட்டு
மாத்திரையை மட்டும் என் செருப்பில் துப்பியது.
மறுபடி ஊட்டி,
இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்,
தூரத்துப் பாலத்தில் விளக்கு ஏறும் வரை.

மூன்றாம் நாள் என் காய்ச்சல் விட்டது.
அதன் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொள்ளுமா என்று
டாக்டர் ஊய் சொல்லவில்லை.
சில நாய்களுக்குத் தொழிற்சாலையே மூடிவிடும்
என்று மட்டும் சொன்னார்.
எங்கள் பழைய கம்பெனி மூடிய வாரம் ஞாபகம் வந்தது:
விளக்கு எரிந்தது, ஏர்கோன் ஓடியது,
ஒன்றும் வெளியே வரவில்லை.

பத்தொன்பதாம் நாள், நாற்பத்தோராயிரம்.

அன்றிரவு லிஃப்ட் எங்கள் மாடியில் நின்று
கதவு திறந்த சத்தத்துக்கு
சம்பால் தலையைத் தூக்கி
குரைத்தது.
ஃபிளாட் முழுக்கக் கேட்டிருக்கும்.
அதன் வாயைப் பொத்தப் போன கை
பாதியில் நின்றுவிட்டது.