ஞாயிற்றுக்கிழமை அளவு

கப்பலூர் சிட்கோவில்
ரப்பர் கம்பெனிக்கு வார விடுமுறை.
பதினாறு பிரஸ்ஸும் வாய் மூடிக் கிடக்க
கம்ப்ரஸர் மட்டும்
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
திடுக்கிட்டு எழுந்து ஓடுகிறது.
யாருக்காக?

தலைக்குழாயில் நான் பூட்டிய மீட்டர்
நாற்பத்தொன்று காட்டுகிறது.
ஆளில்லாத கொட்டகை
மணிக்கு நாற்பத்தொரு கன மீட்டர்
காற்றைக் குடிக்கிறது.

"மீட்டர் கோளாறா இருக்கும் மேடம்"
என்கிறார் மேனேஜர் தனுஷ்கோடி.
இருக்கலாம்.
சான்றிதழை எடுத்துக் காட்டினேன்:
நூற்றுக்கு இரண்டு தப்பலாம்,
கூடவோ குறையவோ.
தன் பிழை எவ்வளவென்று
கையெழுத்தோடு சொல்லும் ஒன்றை
நம்பலாம் என்பது என் கட்சி.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கரண்ட் பில்லை நாலாய் மடித்துப்
பையில் வைத்துக்கொண்டார்.

செவிக்கு எட்டாத சத்தத்தைப்
பிடித்துத் தரும் கருவி ஒன்று உண்டு.
ஹெட்போனை மாட்டியதும்
கொட்டகை முழுக்கச் சீறல்.
வால்வின் கழுத்தில்,
கிளிப் தளர்ந்த ஹோஸில்,
எலி கடித்த நீலக் குழாயில்.
கண்ட இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு கட்டினேன்.
சோப்பு நுரை தடவினால்
எங்கோ எரிந்த நிலக்கரி
கொப்புளம் கொப்புளமாய் வெளியே வந்து
உடைந்துபோகிறது.

இருபத்து மூன்றாவது சீட்டு
ஏழாம் பிரஸ்ஸின் பின்னால்.
இது தானாய் விழுந்த ஓட்டையில்லை.
கோணி ஊசியைச் சுட்டு
நிதானமாய்ப் போட்டது.
சுற்றிலும் துணி, மேலே கட்டுக்கம்பி,
ஓர் ஆள் நின்றால்
பிடரியில் படும் உயரம்.
இது ஒன்றுக்கே ஆறு கன மீட்டர்.

"எவன்னு தெரியும். நாளைக்கு வரட்டும்."

நாளைக்கு நானும் வந்தேன்.
நூற்றறுபது டிகிரியில்
அச்சு திறந்து திறந்து மூட
முன்னால் ஒச்சப்பன்,
பின்னால் ஒரு கை அகலக் காற்று.
அவர் நிற்குமிடத்தில்
வெப்பமானியைத் தொங்கவிட்டேன்.
நாற்பத்து நாலரை.
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"பரவால்லயே, நெசத்தச் சொல்லுது."

அறிக்கையில்
கசிவு என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதி
பக்கத்தில்
யாரும் கேட்காத ஒரு கட்டம் போட்டு
நாற்பத்து நாலரை என்றும் எழுதினேன்.
அடியில் சின்னக் கணக்கு:
அந்த ஊசித்துளை தின்னும் மின்சாரத்தில்
பெரிய ஃபேன் நாலு ஓடும்.

மூன்றாம் ஞாயிறு போனபோது
மீட்டரில் ஐந்து.
"பூஜ்யம் வராதா?" என்றார் தனுஷ்கோடி.
வராது என்றேன்.
கம்ப்ரஸர் வெகுநேரம் எழவே இல்லை.
டோல்கேட்டில் லாரி பிரேக் போடுவது
உள்ளே நிற்கும்போதே கேட்டது.

ஃபேன் இரண்டு வந்திருந்தது.
நான் எழுதியது நாலு.

திங்கட்கிழமை, வேலை நேரத்தில்,
ஏழாம் பிரஸ் அருகே நாற்பது.
அதையும் குறித்துக்கொண்டேன்.