ஹீட்டர் குழாய்

மூன்று நாளுக்கு ஒருமுறை
அரை லிட்டர் கூலண்ட் குடித்தது வண்டி.
குடித்ததை எங்கே விட்டது என்று
தரை சொல்லவில்லை.

செந்தூல் அடுக்குமாடி, நிறுத்துமிடம் பதினான்கு.
டயப்பர் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து
ராத்திரி அடியில் விரித்தேன்.
காலையில் உள்ளங்கை அகலம் ஈரம்.
தொட்டு முகர்ந்தேன். வாசமில்லை, நிறமில்லை.
ஏர்கோன் வியர்வை.
காவலுக்கு நிற்கும் நேபாளக்காரர் பிஷ்ணு
குனிந்து பார்த்துவிட்டு,
"தண்ணி நல்லது அக்கா" என்றார்.
எனக்கு வேண்டியிருந்தது கெட்ட தண்ணி,
இளஞ்சிவப்பாய், தித்திப்பாய் நாறுவது.

விற்ற ஃபைசால் சத்தியம் செய்திருந்தான்:
ஜப்பானிலிருந்து நேராக இறங்கியது,
அங்கே ஒரே கை, அதுவும் பல் டாக்டர் கை.
முதல் மாதம் நானும் அதைச் சொல்லித் திரிந்தேன்.
இரண்டாம் மாதம் டூத்தா நெரிசலில்
முள் பாதியைத் தாண்டி நிமிர்ந்தது.
பின்சீட்டில் மூன்று பிள்ளைகள்,
ஒன்றுதான் என்னுடையது.
மற்ற இரண்டுக்கும் மாதம் நூற்றைம்பது வெள்ளி.
நடுவழியில் நின்றால் யார் தருவார்?

கெப்போங்கில் முதல் பட்டறை
பானெட்டைத் திறந்த வேகத்தில் மூடியது.
"ஹெட் கேஸ்கெட். நாலாயிரத்து ஐந்நூறு."
அன்று குழம்பில் உப்புப் போட்டேனா, தெரியாது.
யாரும் கேட்கவுமில்லை.

அடுத்தது மோகனதாஸ்.
எஞ்சின் ஆறும்வரை மூடியைத் தொடவில்லை,
ஒரு தே ஓ குடித்தான், அதையும் மெதுவாக.
பிறகு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி
ரேடியேட்டர் வாயில் வைத்து
ஓட்டச் சொன்னான்.
"எஞ்சின் புகை கலந்தா மஞ்சளாயிடும்."
நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
நீலம் நீலமாகவே இருந்தது.
நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி
என் கணக்கில் திரும்ப ஏறியது,
ஒருபோதும் இல்லாத அந்தக் கணக்கில்.

எஞ்சினை அணைத்தான். மூடி இருந்த இடத்தில்
கைப்பம்பைத் திருகிக் காற்றடித்தான்.
பதினைந்தில் நின்ற முள்
பதினான்கரை, பதினான்கு என்று
சோம்பலாய் இறங்கியது.
பட்டறை மின்விசிறியை நிறுத்தினான்.
அப்போது கேட்டது,
எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டோரம்
உஸ்ஸென்று ஒரு சன்ன மூச்சு.

பல் டாக்டர் வைத்திருப்பாரே,
அப்படியொரு குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டான்.
கறுப்பு பிளாஸ்டிக் முச்சந்தி ஒன்று.
அதன் கழுத்தில் இளஞ்சிவப்பு உப்புக் கோடு.
கசிந்ததெல்லாம் சூட்டிலேயே காய்ந்திருக்கிறது,
தரைவரை வரும் வழியை அது கண்டதே இல்லை.

"இது எதுக்கு?"
"ஹீட்டருக்கு."

முப்பத்துநாலு டிகிரி ஊரில்
தினம் தினம் வெந்நீர்
டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்
யாருக்கும் வேண்டாத ஒரு பெட்டியைச் சுற்றிவிட்டுத்
திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது.
எங்கோ பனி கொட்டிய காலையில்
அந்த டாக்டரின் விரலை அது சூடாக்கியிருக்கலாம்,
டாக்டர் என்று ஒருவர் இருந்திருந்தால்.

மோகனதாஸ் தொட்டான்.
நமுத்த பிஸ்கட் போல உதிர்ந்தது.
"ஹீட்டரை வெட்டிட்டு நேரா சுத்தி விட்டுரலாங்க்கா.
இங்க யாரு போடப் போறா?"
"பித்தளையில கிடைக்குமா?"
"முப்பத்தெட்டு வெள்ளி."
"போடு."
ஏன் என்று கேட்டிருந்தால்
மழையில் கண்ணாடி ஆவியடிக்குமே என்றிருப்பேன்.
பொய்யில்லை.
முழுக் காரணமும் அதுவல்ல.

புது கூலண்ட் ஊற்றிக் காற்றெடுக்கும் நேரம்
கதவைச் சாத்தி உட்காரச் சொன்னான்.
"ஹீட்டரை முழுசா திருப்பி வைங்க.
அப்பத்தான் உள்ள மாட்டுன காத்து வெளிய வரும்."

திருப்பினேன். முதலில் ஒன்றுமில்லை.
பிறகு முகத்தில்
கருகிய தூசி வாசத்தோடு ஒரு கதகதப்பு,
எந்தக் குளிர்காலத்துத் தூசியோ.
வெளியே கொதிக்கிறது வெயில்.
கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்வை.
முள் பாதிக்கு ஒரு மயிரிழை கீழே
அசையாமல் நிற்கிறது.
புனலில் குமிழ் வெடிப்பதைப் பார்த்தபடி மோகனதாஸ்
ஐந்து விரலை விரித்துக் காட்டுகிறான்,
இன்னும் ஐந்து நிமிடம்.

பள்ளி விட நாற்பது இருக்கிறது.
நான் அணைக்கவில்லை.